மறைத்தால் வளரும் நோய்

(பெங்களூரு கிளை உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போதைப் பழக்கம் பற்றிப் பேசப்போகிறேன் என்று நான் சொன்னதும், செயற்குழுவில் ஓர் அன்பர், "ஸார், நம்ம சபைக்கு இது தேவையா? வேற ஏதாவது நல்ல விஷயமாப் பேசுங்களேன்" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். 'இதெல்லாம் நம் வீடுகளில் கிடையாது' என்ற நம்பிக்கை அந்தப் பேச்சில் இருந்தது. அந்த நம்பிக்கையால் நமக்கு விளைந்திருக்கும் கெடுதலைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். நான் டாக்டர் அல்ல. ரசாயனத்தில் பட்டம் பெற்று, மத்திய அரசுப் பணியில் 35 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். படித்த விஞ்ஞானத்தையும் பார்த்த மனிதர்களையும் வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

முதலில் மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்வோம். உபயோகம், துஷ்பிரயோகம், அடிமைத்தனம். ஆபரேஷன் ஆனவருக்கு வலி தெரியாமலிருக்க ஆஸ்பத்திரியில் மார்ஃபின் கொடுப்பது உபயோகம். டாக்டர் பத்து நாளைக்கு எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையைப் பழைய சீட்டைக் காட்டிப் பத்து மாதம் வாங்கிச் சாப்பிடுவது துஷ்பிரயோகம். கெடுதல் என்று நன்றாகத் தெரிந்தும் விட முடியாமல், அது இல்லாவிட்டால் உடம்பும் மனசும் ஓடாது என்ற நிலைக்கு வந்துவிட்டால் அடிமைத்தனம். இந்தப் படிகள் வழுக்கலானவை. எந்தப் படியில் நிற்கிறோம் என்பது இறங்குகிறவருக்கே தெரிவதில்லை.

மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே எவ்வளவு குறைந்த தூரம் என்பதற்கு ஹெராயினின் கதை ஒன்று போதும். 1874-இல் லண்டனில் ஆல்டர் ரைட் என்ற ரசாயன விஞ்ஞானி, அபினிலிருந்து கிடைக்கும் மார்ஃபினைக் கொண்டு புதியதொரு பொருளைத் தயாரித்தார். அதை 1898-இல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி இருமல் மருந்தாக விற்பனைக்குக் கொண்டுவந்து 'ஹெராயின்' என்று பெயர் சூட்டியது. மார்ஃபினைப் போல இது பழக்கமாகிவிடாது என்று அப்போது நம்பினார்கள். நமக்கெல்லாம் ஆஸ்பிரினைக் கொடுத்த அதே கம்பெனிதான். கெட்ட எண்ணம் கொண்டவர்கள் செய்த காரியமல்ல அது. படித்தவர்கள், நல்லது என்று நினைத்துச் செய்தது.

ஹெராயின் நமக்கு வெகு தூரம் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படியானால் நம் வீட்டு மருந்து டப்பாவைத் திறப்போம். அல்ப்ரசோலாம், டயஸிபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள், கோடீன் கலந்த இருமல் சிரப், டிராமடால் என்ற வலி மாத்திரை இவற்றில் ஏதாவது ஒன்று இல்லாத வீடு குறைவு. இவை யாவும் ஹெச்-1 அட்டவணையில் உள்ளவை. 2014 மார்ச் முதல், இந்த மருந்துகளை விற்கும் கடைக்காரர் டாக்டரின் பெயரையும் நோயாளியின் பெயரையும் தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதி யாருக்காகவோ போட்டது என்று நினைத்து, தெரிந்த கடைப் பையனிடம் சொல்லி வாங்கி வருகிறவர்கள் என் வயதுக்காரர்கள்தான். வயதானவர்கள் தூக்க மாத்திரையை நெடுங்காலம் சாப்பிட்டால் ஞாபகம் மங்கும், ராத்திரி பாத்ரூமுக்குப் போகும்போது தள்ளாடும், விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும். இன்னொன்றையும் யோசியுங்கள். தாத்தாவின் டப்பாவைத் திறக்கும் கை தாத்தாவின் கையாகவே எப்போதும் இருக்க வேண்டுமென்பதில்லை. ஒரு எச்சரிக்கை: என் பேச்சைக் கேட்டுவிட்டு, வெகுநாள் சாப்பிட்ட தூக்க மாத்திரையை இன்று ராத்திரியே யாரும் நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டரிடம் சொல்லி, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

"மன உறுதி இருந்தா விட்டுடலாமே ஸார், எங்கப்பா ஒரே நாள்ல மூக்குப்பொடியை விட்டாரே" என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி விட்டவர்களுக்கு என் வணக்கம். ஆனால் மூளையில் என்ன நடக்கிறது என்று பார்த்தால், ஏன் எல்லாராலும் முடிவதில்லை என்பது புரியும். பசித்தவன் சாப்பிட்டால், குழந்தை சிரித்தால் நமக்கு ஒரு சந்தோஷம் வருகிறதல்லவா? அந்த நேரத்தில் மூளையின் ஒரு பகுதியில் டோபமைன் என்ற ரசாயனம் சுரக்கிறது. 'இது நல்லது, மறுபடியும் செய்' என்று மூளைக்குக் கற்றுக்கொடுக்கிற ரசாயனம் அது. மதுவும் போதைப்பொருள்களும் இதை இயற்கைக்கு மீறிச் சுரக்க வைக்கின்றன. நாளடைவில் மூளை அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொள்கிறது. நேற்று ஒரு பெக்கில் கிடைத்தது இன்று மூன்றில்தான் கிடைக்கும். நிறுத்தினாலோ கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. தீர்மானம் எடுக்கவும் ஆசையை அடக்கவும் உதவுகிற மூளையின் முன்பகுதியும் பலவீனமாகிவிடுகிறது. மன உறுதியைக் காட்டு என்று நாம் எந்த உறுப்பைக் கேட்கிறோமோ, அந்த உறுப்புக்கே நோய். இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் இதை நோய்களின் பட்டியலில் வைத்திருக்கிறது.

நோய் எவ்வளவு பரவியிருக்கிறது? மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. அதன்படி 10 முதல் 75 வயதுக்குட்பட்டவர்களில் மது அருந்துவோர் 14.6 சதவிகிதம், அதாவது சுமார் 16 கோடிப் பேர். கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் சுமார் 3 கோடி. அபின் வகைகளைப் பயன்படுத்துவோர் 2 கோடிக்கு மேல். என்னைத் தூங்கவிடாத எண் இவற்றில் எதுவுமல்ல. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதோ ஒரு சிகிச்சையாவது பெற்றிருக்கிறார் என்றது அந்த ஆய்வு. ஆஸ்பத்திரி இல்லாமை ஒரு காரணம். வெட்கம் இன்னொரு காரணம். 2020-இல் கன்னடத் திரையுலகைச் சுற்றி ஒரு போதைப்பொருள் வழக்கு எழுந்து, டி.வி.யில் வாரக்கணக்காக ஓடியது நினைவிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, இது சினிமாக்காரர்கள் சமாசாரம் என்று நாம் டி.வி.யை அணைத்துவிட்டுப் படுக்கப் போனோம். அடுத்த அறையில் பிள்ளை தூங்கவில்லை என்பதைக் கவனித்தவர்கள் எத்தனை பேர்?

வெட்கத்தை வென்ற ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். டி.டி.கே. குடும்பத்தை இங்கே யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மத்திய நிதி மந்திரியாக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி தொடங்கிய தொழில் குடும்பம். நம் சமையலறைகளில் விசில் அடிக்கும் பிரஸ்டீஜ் குக்கர் அவர்களுடையது. அந்தக் குடும்பத்தில் டி.டி. ரங்கநாதன் என்ற இளைஞர் குடிநோய்க்கு ஆளாகி 1979-இல் காலமானார். பணம் இருந்தது, படிப்பு இருந்தது, செல்வாக்கு இருந்தது. அன்றைய சென்னையில் இந்த நோய்க்கென்று தகுந்த சிகிச்சை மையம்தான் இருக்கவில்லை.

இப்படி ஒரு மரணம் நேர்ந்தால் சாதாரணமாக என்ன செய்வோம்? 'மஞ்சள் காமாலை' என்று சொல்வோம். 'ஹார்ட் அட்டாக்' என்று சொல்வோம். அந்தப் பேச்சையே எடுக்காமல் இருப்போம். அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் அப்படிச் செய்யவில்லை. அமெரிக்கா சென்று இந்த நோய்க்கான சிகிச்சை முறையில் பயிற்சி பெற்றுத் திரும்பி, குடும்பத்தாரின் ஆதரவோடு 1980-இல் ஒரு சிகிச்சை, ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். அதற்கு வைத்த பெயர் டி.டி. ரங்கநாதன் கிளினிகல் ரிசர்ச் ஃபவுண்டேஷன். இந்தப் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். எந்தப் பெயரை மறைத்திருப்பார்களோ, அந்தப் பெயரையே பலகையில் எழுதி வாசலில் மாட்டினார்கள். சென்னை அடையாறு இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. ஆஸ்பத்திரி அதிலிருந்து வளர்ந்ததுதான். தஞ்சைச் சீமையில் மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் முகாம் போட்டு, அங்குள்ள குடும்பங்களையும் சேர்த்து உட்கார வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். 1992-இல் சாந்தி ரங்கநாதனுக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் சபையின் வியன்னா குடிமைச் சமூக விருது 1999-இல் முதன்முறையாக வழங்கப்பட்டபோது, அதைப் பெற்றவர்களில் அவரும் ஒருவர். வெளியே சொன்ன ஒரு துக்கம் எத்தனை ஆயிரம் வீடுகளுக்கு வழிகாட்டியிருக்கிறது பாருங்கள்.

இனி, வெளியே சொல்லாமல் வீட்டுக்குள்ளேயே நாம் செய்து பார்க்கும் மூன்று வைத்தியங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றும் ஆபத்தானவை.

முதல் வைத்தியம், அறையில் வைத்துப் பூட்டுவது. "நாலு நாள் உள்ளேயே கிடந்தா தானா தெளிஞ்சுடும்" என்பார்கள். தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டிலிருந்து நான்கு நாட்களுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, காய்ச்சலும் படபடப்பும் உண்டாகும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. டாக்டரின் மேற்பார்வையில் தகுந்த மருந்தும் தயமின் என்ற வைட்டமினும் கொடுத்தால் இதைத் தாண்டிவிடலாம். பூட்டிய அறையில் அது நடக்காது.

இரண்டாவது, தெரியாமல் மருந்து கலப்பது. 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' என்ற விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். டைசல்ஃபிராம் என்றொரு மருந்து உண்டு. நாம் குடிக்கும் மது உடம்பில் முதலில் அசெட்டால்டிஹைடாகவும், பிறகு அசெடிக் அமிலமாகவும் மாறுகிறது. அசெடிக் அமிலம் என்பது வினிகரில் இருப்பதுதான், அதனால் பெரிய தொந்தரவில்லை. நடுவில் வரும் அசெட்டால்டிஹைடுதான் பொல்லாதது. அது மேற்கொண்டு மாறாமல் இந்த மருந்து தடுத்துவிடும். மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கும். நோயாளி புரிந்துகொண்டு, சம்மதித்து, பரிசோதனைகள் முடித்துச் சாப்பிட்டால் இது உதவும் மருந்து. காப்பியிலோ ரசத்திலோ ரகசியமாகக் கலந்தால், இதயக் கோளாறு உள்ளவர் செத்தே போகலாம். பெயர் தெரியாத பொடிகளில் என்ன இருக்கிறதென்பது அதை விற்பவருக்கே வெளிச்சம்.

மூன்றாவது வைத்தியம் நம்மிடையே மிகப் பிரசித்தமானது. "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா எல்லாம் சரியாப் போயிடும்."

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பெயரும் ஊரும் வேண்டாம். பையன் நல்ல கம்பெனியில் நல்ல சம்பளத்தில் இருந்தான். தினமும் குடிக்கிறான் என்பது தாயார், தகப்பனாருக்கும் தெரியும், இரண்டு மாமாக்களுக்கும் தெரியும். 'நல்ல பழக்க வழக்கங்கள் உள்ள வரன்' என்று எழுதிக் கொடுத்தார்கள். கல்யாணம் விமரிசையாக நடந்தது. எட்டாவது மாதம் பெண் பெற்றோரிடம் திரும்பி வந்துவிட்டாள். பெண்ணின் தகப்பனார் என்னிடம் கேட்டார்: "பத்துப் பொருத்தமும் பார்த்தோம் ஸார். இதை ஒருத்தர், ஒரே ஒருத்தர் சொல்லியிருக்கலாமே?" என்னிடம் பதில் இல்லை. அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது அநியாயம். பையனுக்கு நேர்ந்ததும் அநியாயம்தான். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் அவனுக்குச் சிகிச்சை கிடைத்திருக்க வேண்டும். அந்த மூன்று வருஷமும் ஜாதகம் பார்ப்பதில் போயிற்று. எந்தப் பெண்ணும் யாருடைய பிள்ளைக்கும் மருந்து அல்ல. நம் வீட்டுப் பெண்களுக்கும் இந்தப் பழக்கம் வருவதுண்டு என்பதால், இதைத் திருப்பிச் சொன்னாலும் பொருந்தும்.

போலீஸ், கேஸ் என்ற பயம் சிலரைத் தடுக்கிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985 நவம்பர் 14-இல் அமலுக்கு வந்தது. கடுமையான சட்டம் என்பதில் சந்தேகமில்லை. கடத்துகிறவர்களுக்கு நீண்டகாலச் சிறை. எம்.டி.எம்.ஏ. என்ற மாத்திரைப் பொருளில் வெறும் 10 கிராமே வணிக அளவு என்று கணக்கு. அந்தக் கொஞ்ச அளவுக்கே 10 வருஷச் சிறைக்குக் குறையாது. நண்பனுக்காக ஒரு பார்சலை வாங்கி வைப்பதும், நாலு பேருக்குப் பகிர்ந்து கொடுப்பதும் எங்கே கொண்டுபோய் விடும் என்று இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் அதே சட்டத்தில் 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர் உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு சம்பந்தப்பட்ட குற்றத்துக்காகவோ வழக்கில் சிக்கியிருந்து, தாமாக முன்வந்து அரசாங்கம் நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்கு அவர்மேல் வழக்கு நடத்தப்படாது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. சிகிச்சைக்கு வருகிறவனுக்குச் சட்டமே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்துக்கும் பதில் உண்டு. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மது, போதைப் பொருள்களால் வரும் மனநோய்களும் அடங்கும். சிகிச்சை விவரங்கள் ரகசியமாக இருப்பது நோயாளியின் உரிமை என்று அது சொல்கிறது. சங்கிலியால் கட்டி வைப்பதைத் தடை செய்கிறது. ஆகவே 'மறுவாழ்வு மையம்' என்று போர்டு மாட்டிய எல்லா இடத்திலும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடாதீர்கள். பதிவு உண்டா, மனநல டாக்டர் உண்டா, நாம் போய்ப் பார்க்க அனுமதி உண்டா என்று கேளுங்கள்.

பெங்களூருவில் இருக்கும் நமக்கு ஒரு பாக்கியம், ஓசூர் ரோடில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. அங்கே போதை நோய்க்கென்றே தனி மையம் உண்டு. 2021-இல் நிம்ஹான்ஸின் இயக்குநராகப் பொறுப்பேற்ற டாக்டர் பிரதிமா மூர்த்தி அவர்களே இந்தத் துறையில் நெடுங்காலம் பணியாற்றியவர்தான். மற்ற நகரங்களில் இருப்பவர்கள் 14446 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். மனநல ஆலோசனைக்கு 14416 இருக்கிறது. இரண்டும் இலவசம். குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் சேர்ந்து ஆரம்பித்தது. நம் நகரங்களிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் இல்லை, முழுப் பெயர்கூடச் சொல்ல வேண்டாம். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனியாக உண்டு.

சிகிச்சைக்குப் பிறகு சிலர் மறுபடியும் விழுவார்கள். உடனே "எல்லாம் வேஸ்ட்" என்று கையை உதறிவிடக் கூடாது. சர்க்கரை ஏறிவிட்டால் டாக்டரிடம் மறுபடி போகிறோம் அல்லவா? அதே போலத்தான். வீட்டுச் சூழ்நிலைக்கு எவ்வளவு சக்தி என்பதற்கு ஓர் உதாரணம். வியட்நாம் யுத்தத்திலிருந்து 1971-இல் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயின் வகைகளுக்கு அடிமையாகியிருந்தவர். ஊர் திரும்பிய முதல் வருஷத்தில், அவர்களில் மறுபடி அடிமையானவர்கள் மிகச் சிலரே. போர்க்களம் மாறிச் சொந்த ஊரும் சொந்த மனிதர்களும் கிடைத்தது பெரிய காரணம் என்று கருதப்படுகிறது. நம் பிள்ளைகளுக்கு வீடு போர்க்களமாக இருக்கிறதா, ஊராக இருக்கிறதா என்று நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

முடிக்கும் முன்பு இந்தச் சபைக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, வரன் பார்க்கும்போது உண்மையைச் சொல்வோம், உண்மையைக் கேட்போம். சிகிச்சை பெற்றுப் பல வருஷம் நன்றாக இருக்கும் ஒருவர் அதை நேர்மையாகச் சொன்னால், அந்தக் காரணத்துக்காக மட்டும் தள்ளிவிட வேண்டாம். சொன்னவரைத் தண்டித்தால் அடுத்தவர் சொல்ல மாட்டார். இரண்டு, ஒரு வீட்டில் இந்தக் கஷ்டம் என்று தெரிந்தால், அதைப் பற்றி வேறு வீட்டில் பேசாமல், அந்த வீட்டுக்கே போய், "டாக்டர்கிட்ட நானும் கூட வரேன்" என்று சொல்வோம். மூன்று, நம் கிளை வருஷத்துக்கு ஒரு தரமாவது ஒரு மனநல டாக்டரை அழைத்து, பெரியவர்களின் மாத்திரைப் பழக்கம் உட்பட எல்லாவற்றையும் கூச்சமில்லாமல் கேட்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

பெற்றோர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஒயிட்ஃபீல்டிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ தனியாக இருக்கும் பிள்ளையோ பெண்ணோ என்றாவது ஒருநாள் வந்து, "அப்பா, என்னால விட முடியலை" என்று சொன்னால், முதல் ஐந்து நிமிஷம் கத்தாமல் இருங்கள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அந்தக் குழந்தை எத்தனை மாதம் ஒத்திகை பார்த்ததோ, நமக்குத் தெரியாது. "சரி, நாளைக்குக் காலையிலே போலாம்" என்று சொல்லுங்கள். சொன்னபடி காலையில் கிளம்பிவிடுங்கள்.